தட்டில் ஏந்திய கண்கள்

கேள்வி: கண்புரை அறுவைக்குப் போகும் முன் என் அப்பத்தா புனித லூசியாவின் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். படத்தில் அவர் தட்டில் இரு கண்களை ஏந்தி நிற்கிறார். கண்களைப் பிடுங்கித்தான் அவரைக் கொன்றார்களா?
– ஒரு வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: இல்லை. சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரைச் சேர்ந்த லூசியா, தியோக்கிளேசியன் பேரரசன் கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தில், 304ஆம் ஆண்டில் வாளுக்கு இரையானார் என்பது மரபு. நோயுற்ற தாயைக் கத்தானியாவிலுள்ள புனித ஆகத்தாவின் கல்லறைக்கு அழைத்துச் சென்று, தாய் குணமானதும் தம் சீதனத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அதனால் சினமுற்று அவரை ஆளுநரிடம் காட்டிக்கொடுத்தவன், அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த இளைஞனே. இதைச் சொல்லும் பழைய வரலாற்றில் கண்களைப் பிடுங்கிய செய்தி இல்லை. அது பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தது. இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதால் பார்வைக்குப் பாதுகாவலியானார். உங்கள் பகுதியின் பெயரிலும் ஒளி இருக்கிறதே!

கதை பிந்தியது, வணக்கமோ மிகப் பழையது. சிராக்கூஸின் நிலத்தடிக் கல்லறையில் 1894இல் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு, சுமார் 25 ஆண்டுகளே வாழ்ந்த எயுஸ்கியா என்னும் பெண், ‘என் தலைவி லூசியாவின்’ திருநாளில் இறந்ததாகச் சொல்கிறது. அதன் வயது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்.

படம் அப்பத்தாவிடமே இருக்கட்டும். டிசம்பர் 13 புனித லூசியாவின் திருநாள். அன்று அப்பத்தாவைத் திருப்பலிக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.