கால் முறிந்த கொத்தனாருக்கு ஒன்றரை லட்சம் போதுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். என் கணவர் கொத்தனார், வயது 38, மாதம் சுமார் 15,000 ரூபாய் சம்பாதித்தார். நான்கு மாதங்களுக்கு முன் கிருமாம்பாக்கம் அருகே அவர் பைக்கின் பின்னால் வேன் மோதி, வலது தொடை எலும்பு முறிந்தது. ஜிப்மரில் ராடு வைத்தார்கள். 30 சதவீத ஊனம் வரலாம் என்கிறார்கள். வேன் தரப்பினர் ஒன்றரை லட்சம் தருவதாகப் பேசுகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் வழக்குப் போடும்போது அந்தத் தாளையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

ஒன்றரை லட்சம் என்பது, ஒரு சதவீத ஊனத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கினால் வரும் தொகை. சம்பாத்தியம் குறைந்தது நிரூபிக்கப்படாத வழக்குகளில் இப்படிச் சதவீதக் கணக்குப் போடுவது உண்டு. உங்கள் கணவர் விஷயம் வேறு. சாரத்தில் ஏறவும் குத்துக்காலிட்டு உட்காரவும் முடியாத கொத்தனாருக்குப் பாதி வேலை போய்விடுகிறது. சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே எடுக்காமல், அந்த ஊனம் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலுக்கு 30 என்றால் முழு உடம்புக்கு அதைவிடக் குறைவு என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதிடுவார். அந்த வாதத்துக்கு உங்கள் பதில், அவர் செய்யும் தொழில்தான்.

கணக்கைப் பாருங்கள். நிரந்தரச் சம்பளம் இல்லாத, 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: 15,000 ரூபாய் 21,000 ஆகும். ஆண்டுக்கு 2,52,000. வயது 36 முதல் 40 வரை உள்ளவருக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் 15, ஆக 37,80,000. வருமான இழப்பு 20 சதவீதம் என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றால் 7,56,000 ரூபாய். 30 என்றால் 11,34,000. காயம்பட்டவர் உயிரோடு இருப்பதால் சொந்தச் செலவுக்கென்று இதில் கழிக்கக் கூடாது. வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, கூட இருந்து பார்த்தவர் செலவு, சத்துணவு, வண்டி வாடகை, ராடை எடுக்கும் அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம்.

விபத்து புதுச்சேரி எல்லையில் நடந்தாலும், குடியிருக்கும் ஊர் என்ற முறையில் கடலூர் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு மீதி இரண்டே மாதம். ஊனச் சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். மனு நடக்கும்போதே மருத்துவக் குழுவிடம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில். முதலில் கொண்டுபோனவர் பதற்றத்தில் ‘பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்லியிருந்தால், வேனே மோதவில்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு நிற்கும். அந்த நகலை உடனே வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால், உடன் வந்தவரையும் நேரில் பார்த்தவரையும் சாட்சிக்குத் தயார் செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, வாகன ஆய்வாளர் அறிக்கை, வேனின் ஆர்.சி., பாலிசி, உங்கள் கணவரின் லைசென்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவையும் வேண்டும். லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துப் பழி அவர்மேல் வராது. பயந்து மறைக்க வேண்டாம்.

கூலி வேலைக்கு ரசீது ஏது என்று விட்டுவிடாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கில் கூலி வந்த பதிவு, மேஸ்திரியின் சாட்சியம் மூன்றும் சேர்ந்தால் தொழிலும் வருமானமும் நிற்கும். ஆதாரமே இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானே ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும். அது 15,000-ஐவிடக் குறைந்தால், மேலே போட்ட கணக்கு முழுக்கச் சரியும்.

வக்கீல் கட்டணத்தைக் கிடைக்கும் தொகையில் சதவீதமாகப் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நிலையான கட்டணமாகப் பேசுங்கள். வசதி இல்லையென்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவதும் நல்லதுதான், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது. அதனால் மருத்துவக் குழுவின் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு மட்டும் அந்தப் பேச்சுக்கு உட்காருங்கள்.