வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: தொலைபேசியும் ஓர் "அப்புற"மும்

கேள்வி: காரைக்குடியிலிருக்கும் என் பெரியப்பா வாரந்தோறும் வைபரில் அழைக்கிறார். பேச்சு முடிந்த பிறகும் "அப்புறம்?", "வேறென்ன விசேஷம்?" என்று நீட்டிக்கொண்டே போகிறார். அவர் மனம் நோகாமல் முடிப்பது எப்படி? (வாசகி ஒருவர், தாமுவே, யாங்கோன்)

பதில்: குற்றம் பெரியப்பாவின் மேல் இல்லை. அவர் விடைபெறும் எண்ணத்தோடுதான் "அப்புறம்" என்கிறார். நீங்கள் பதிலுக்கு "அப்புறம், நீங்கதான் சொல்லணும்" என்றிருப்பீர்கள். பெரியவரும் மரியாதைக்காக ஒரு கல்யாணச் செய்தியைத் தேடி எடுத்திருப்பார்.

நம் மியான்மரில் ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 2012ஆம் ஆண்டில்கூட ஒரு சிம் அட்டைக்கு ஏறத்தாழ 2 லட்சம் கியாட் கொடுக்க வேண்டியிருந்ததால், நம்மில் பலருக்கு நடைபாதையில் மேசை போட்டு வைத்திருந்த தொலைபேசிதான் கதி. குட்டையான பிளாஸ்டிக் முக்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து, பேருந்து இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மேசைக்காரப் பெண் கடிகாரத்தையும் பின்னால் நிற்பவர் நம்மையும் முறைத்துக்கொண்டிருக்க, "அம்மாவுக்குச் சுகந்தானே, பணம் வந்துச்சா, சரி வைக்கிறேன்" என்று முடித்துவிட்டு எழுந்தோம். 2013 ஏப்ரலில் 1,500 கியாட் சிம் குலுக்கலில் வந்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டு நிறுவனங்களும் வந்தன. முக்காலி போயிற்று, "அப்புறம்" வந்துவிட்டது.

ஆகவே முக்காலியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அழைப்பை எடுத்தவுடனேயே "பெரியப்பா, உலை வச்சிருக்கேன், கொதிக்கிற வரைக்கும் பேசலாம்" என்று சொல்லிவிட வேண்டும். இதையே அரை மணி நேரம் கழித்துச் சொன்னால் வெறும் சாக்காகத் தெரியும். மின்தடையைக் காரணம் காட்டுவதும் இங்கே பொய்யாகாது. ஆனால் எப்போது போனது, எப்போது வரும் என்ற விசாரணைக்குத் தயாராக இருங்கள். மணி வித்தியாசத்தை மட்டும் எடுக்காதீர்கள். அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே பத்தரை என்பதை என் மாமா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் வியந்து, அதையே பத்து நிமிடம் பேசுகிறார்.

கேள்வி: "நான் யாருன்னு கண்டுபிடி பார்ப்போம்" என்பவரிடம் என்ன சொல்வது? (வாசகர் ஒருவர், மோல்மேன்)

பதில்: "தெரியவில்லை" என்று உடனே சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை தெரிந்தவன்போல நடித்து, அவருடைய தாயாரின் மூட்டுவலி வரை விசாரித்த பிறகுதான், அவர் தவறான எண்ணை அழுத்தியிருந்தார் என்பது புலப்பட்டது. அந்த அம்மாள் குணமடைந்தாரா என்பது இன்றுவரை என் கவலை.

கேள்வி: வணக்கம் என்ற சொல் இருக்க, எல்லோரும் ஏன் "ஹலோ" என்கிறோம்? (வாசகர் ஒருவர், பெகு)

பதில்: அது எடிசன் பரிந்துரைத்த சொல். தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல்லோ, கப்பல்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் "அஹாய்" என்பதையே விரும்பினார். அவர் விருப்பம் நிறைவேறியிருந்தால், யாங்கோனின் பன்சோடான் படகுத்துறையில் யாராவது கைப்பேசியை எடுத்துப் பேசத் தொடங்கியதும் ஆற்றின் மறுகரையிலுள்ள டலாவுக்குப் போகும் படகுக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.