50 மீட்டரில் ஐந்தாமிடம். 800 மீட்டருக்கு மாறலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் எப்போதும் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருகிறாள். 800 மீட்டருக்கு மாற்றலாம் என்கிறார் பயிற்சியாளர். மாற்றலாமா? எத்தனை வயது வரை நீந்த முடியும்? படிப்பு என்னவாகும்?
– சென்னை வாசகி

பதில்: 50 மீட்டரில் பதக்கம் வரவில்லை என்பது மட்டுமே காரணமென்றால் மாற்றாதீர்கள். வேகம் போதாத பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் இடமாக நெடுந்தூர நீச்சலைச் சில பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவளை ஒருமுறை 800 மீட்டர் நீந்தவிட்டு, ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஆன நேரத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். 50 மீட்டர் குளத்தில் மொத்தம் 16 நீளம். குதித்துத் தொடங்கும் முதல் நீளத்தையும், உயிரைக் கொடுத்து நீந்தும் கடைசி நீளத்தையும் விட்டுவிடுங்கள். நடுவில் 42, 42, 43, 42 விநாடி என்று சீராகப் போனால் இந்தத் தூரம் அவளுக்கு ஒத்துவரும். 38இல் தொடங்கி 47க்குச் சரிந்தால் இன்னும் ஓராண்டு 200, 400 மீட்டரே நீந்தட்டும். கைவீச்சையும் எண்ணச் சொல்லுங்கள். நேரம் மாறாமல், நீளத்துக்கு 42 வீச்சு என்பது 50 ஆகிறதா? முழங்கை தாழ்ந்து, கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. இது திருத்தக்கூடிய குறைதான்.

சீர் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியைப் பாருங்கள். 2025இல் அவர் படைத்த 800 மீட்டர் உலக சாதனை 8 நிமிடம் 4.12 விநாடி. அதாவது, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சராசரியாக அறுபதரை விநாடி, தொடர்ந்து எட்டு முறை!

எத்தனை வயது வரை என்று கேட்டிருக்கிறீர்கள். லெடெக்கி 15 வயதில் லண்டனில் வென்ற 800 மீட்டர் தங்கத்தை 27 வயதில் பாரிஸிலும் வென்றார்; இடையில் நடந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் அது அவருடையதுதான். மாறாக, இன்னொரு அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவன்ஸ் 1989இல் 17 வயதில் படைத்த 800 மீட்டர் சாதனை 2008 வரை நின்றது. அவராலேயே அதை மிஞ்ச முடியவில்லை. பெண் பிள்ளைகளுக்கு 14 வயதுக்கு மேல் உடல் மாறும்போது ஓரிரு ஆண்டு நேரம் குறையாமல் நிற்பதுண்டு. அப்போது பயிற்சியை இரட்டிப்பாக்குவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. குளம் அலுத்துப்போனால் கடலும் ஏரியும் இருக்கின்றன: துனீசியாவின் உசாமா மெல்லூலி 2008இல் 1500 மீட்டரிலும், 2012இல் திறந்த நீர்நிலையில் நீந்தும் 10 கிலோமீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பெண்களுக்கான 1500 மீட்டர் டோக்கியோவில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. உங்கள் மகளுக்கு முந்தைய தலைமுறைக்கு இல்லாத கதவு அது.

தோள்பட்டையில் கண் வையுங்கள். நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் என்றால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கைவீச்சு. பயிற்சி முடிந்த பிறகும் வலி நீடித்தால், அல்லது தலைவாரக் கையைத் தூக்கும்போது முகம் சுளித்தால், தூரத்தைக் குறைத்து இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

படிப்பை விடவேண்டாம். 1994இல் 12 வயதில் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த நம் குற்றாலீஸ்வரன் பின்னர் பொறியியல் படித்துத்தான் வேலைக்குப் போனார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் ரயில்வே வேலையும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்களே கணக்கில் வரும். இன்றிலிருந்தே அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.