குத்துப் பையும் தண்ணீர் மோட்டாரும்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 41. கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். டிரெய்லர் டிரைவர்கள் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம் என்று திட்டினாலும் சிரித்தபடியே வேலையை முடித்துவிடுவேன். எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். போன வாரம் காலையில் தண்ணீர் வந்த நேரத்தில் மோட்டார் போட மறந்துவிட்டார் என்று, இரவு வந்ததும் மகன் எதிரிலேயே மனைவியிடம் கத்தினேன். "உங்க வீட்ல இதத்தான் கத்துக்குடுத்தாங்களா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் அவர் பேசவில்லை. இப்போதும் அவசியமான பேச்சு மட்டும்தான். 11 வயது மகன் எதற்கெடுத்தாலும் "கடுப்பாவுது" என்று கதவை அறைகிறான். உள்ளே வைத்திருந்தால் பிரஷர் ஏறும், கத்தித் தீர்த்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். பாக்சிங் கிளப்புக்கு வா, பையைக் குத்தினால் போய்விடும் என்கிறான் ஒருவன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ என்கிறார் அம்மா. எது சரி?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றுமே உங்களுக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் குத்துப் பை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட சோதனையில் 600 கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாகத் திட்டி முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினர், திட்டியவனை நினைத்துக்கொண்டு பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவனை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. சும்மா இருந்தவர்களிடம் வன்மம் மிகக் குறைவாக இருந்தது. 2024இல் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே திசைதான்: உடலின் படபடப்பைத் தணிக்கும் செயல்கள் கோபத்தைக் குறைத்தன. ஓட்டம் போன்றவை சிலருக்கு ஏற்றிவிட்டன.

வடசென்னையில் பாக்சிங்குக்குப் பெரிய மரியாதை உண்டு, இருக்கவும் வேண்டும். உடம்புக்காகக் காலையில் போங்கள். ஆனால் இரவு எட்டு மணிக்கு ஒரு முகத்தை மனதில் சுமந்துகொண்டு போகாதீர்கள். காண்டாகிக் குத்துபவனுக்கு முகத்தைக் காக்கும் கை கீழே இறங்கிவிடும் என்பது அங்கே கற்றுக்கொடுப்பவர்களுக்கே தெரியும். நண்பர்களோடு டீக்கடையில் நின்று "அவன் என்னை இன்னா சொன்னான் தெரியுமா" என்று முழுக்கதையையும் மறுபடி ஓட்டுவதும் ஒரு குத்துப் பைதான். கூட நிற்பவர்கள் உசுப்பேற்றினால் சூடு இரட்டிப்பாகும்.

உங்கள் கோபம் மோட்டாரில் தொடங்கவில்லை. ஒரு இடத்தில் ஏறிய படபடப்பு முழுசாக இறங்கும் முன் அடுத்த சம்பவம் வந்தால், பழைய மிச்சமும் சேர்ந்து புதியதன் தலையில் விழும். டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் விளக்கியது இது. மாலையில் யார்டில் விழுங்கியது, எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது, ஹாரன், பசி, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது, எல்லாம் உங்களோடு வாசற்படி ஏறுகின்றன. யார்டில் பதில் சொன்னால் வேலைக்கு ஆபத்து, வீட்டில் இல்லை. அதனால் அங்கே சிரிப்பு, இங்கே சத்தம். அந்தச் சிரிப்பைப் பொறுமை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா சொல்லும் பல்லைக் கடிப்பதும் அதுவேதான். அந்தக் கணக்கை உங்கள் மனைவி தீர்க்கிறார்.

ஆகவே யார்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் வையுங்கள். தெருமுனையில் வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் குடியுங்கள், பசித்தால் ஒரு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கள். பிறகு நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்தில் முப்பது. பலர் இங்கே தவறுவது, நெஞ்சு புடைக்க வேகமாக இழுப்பதில். அப்படிச் செய்தால் தலை சுற்றும், படபடப்பும் குறையாது. மெதுவாக இழுத்து, விடும் மூச்சை நீட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முதலாளிக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தால் முப்பது மூச்சும் வீண். எண்ணிக்கையில் மட்டும் மனதை வையுங்கள்.

அதையும் மீறி வீட்டில் ஏறும் நாட்கள் வரும். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணு என்பார்கள். பத்து எண்ணப் பத்து வினாடிதான் ஆகும், உடம்புக்கு அது போதாது. பல்லாண்டுகள் தம்பதிகளின் சண்டைகளை இதயத் துடிப்போடு அளந்து ஆராய்ந்த ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணுங்கள். 25ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்துங்கள்.

எப்படி நிறுத்துவது என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் கெடுகின்றன. ஒரு வார்த்தையும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், வீட்டில் இருப்பவருக்கு அது இன்னொரு அடி. "நீ மொதல்ல அடங்கு, அப்பறம் பேசறேன்" என்பதும் அப்படியே. சொல்லவேண்டியது உங்களைப் பற்றி இருக்கட்டும், திரும்பி வரும் நேரமும் அதில் இருக்கட்டும்: "எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு. எதனா தப்பா பேசிடுவேன். மாடிக்குப் போறேன், எட்டரைக்கு வந்து பேசலாம்." இப்படிச் செய்யப்போகிறீர்கள் என்பதை அமைதியாக இருக்கும் ஒரு நாளில் மனைவியிடம் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஓடி ஒளிகிறீர்கள் என்று நினைத்து அவர் உங்கள் பின்னாலேயே வருவார். ஒரே அறை வீடென்றால் மொட்டை மாடி, அல்லது இரண்டு தெரு நடை. ஒயின் ஷாப் பக்கம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சண்டையைத் தொடரவும் வேண்டாம். எட்டரைக்குச் சூடு தணியவில்லையா? வந்து "இன்னும் அரை மணி" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு முறை வராமல் போனால் மூன்றாம் முறை இந்த வழி வேலை செய்யாது.

திரும்பி வந்து விஷயத்தைப் பேசியே ஆகவேண்டும். அந்தத் தெருக்களில் தண்ணீர் வரும் நேரம் தப்பினால் அன்றைய சமையல், துணி, குளியல் எல்லாம் கெடும். உங்கள் புகார் நியாயமானது, சொன்ன விதம்தான் தவறு. நடந்தது ஒன்று, அதனால் வந்த கஷ்டம் ஒன்று, இனி செய்யவேண்டியது ஒன்று. "காலைல மோட்டார் போடல. தொட்டி காலி. நாளைலேர்ந்து ரெண்டு பேர் போன்லயும் அலாரம் வெச்சிடலாமா?" அவ்வளவுதான். "எப்பவுமே நீ" என்று ஆரம்பித்தால் அவர் பழைய கணக்கையெல்லாம் எடுப்பார். பிறந்த வீட்டை இழுத்தீர்களே, அதைக் கோபம் என்றுகூட நான் சொல்லமாட்டேன், அது இளக்காரம். திருமணங்களை முறிப்பதில் காட்மன் முதலிடம் கொடுப்பது இளக்காரத்துக்குத்தான். தண்ணீர் மறுநாள் வந்துவிடும். அந்த வாக்கியம் அவரிடம் பத்து வருடம் இருக்கும்.

அவருடைய மௌனத்தைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். பேசினால் மறுபடி வெடிக்குமோ என்ற பயமாக இருக்கலாம். எது என்று தெரியாதபோது பயம் என்றே எடுத்துக்கொண்டு நடப்பது நல்லது. சின்ன வயதில் "கா" விட்டவர்கள் "பழம்" விட ஒரு விரல் நீட்டினால் போதும். பெரியவர்களுக்கு அந்த விரல், என்ன செய்தேன் என்று பெயர் சொல்லிக் கேட்கும் மன்னிப்பு.

பையனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவன் வீட்டில் கண்டதைச் செய்கிறான். கதவை அறைந்த அந்த நிமிடத்தில் பாடம் நடத்தாதீர்கள். அடங்கிய பிறகு, "கடுப்பாவலாம், கதவ அறையக் கூடாது" என்று ஒரே வரி. பிறகு அவனையே அந்தக் கதவை மெதுவாக ஒருமுறை சாத்தச் சொல்லுங்கள்.

யார்டிலும் எல்லாவற்றையும் விழுங்காதீர்கள். அன்றைய பிரச்சினையை அன்றே, தாழ்ந்த குரலில், ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "சார், லாரி லேட்டானது கேட்ல பேப்பர் வராததால. டிரைவருங்க முன்னாடி என்னைத் திட்டாதீங்க, தனியா கூப்ட்டு கேளுங்க." டிரைவர் யாராவது எகிறிக்கொண்டு வந்தால் ஒரு கை தூரத்துக்கு மேல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், உள்ளங்கை தெரியட்டும். "இன்னா மொறைக்கிற" என்பதற்குப் பதில் கேள்வி கேட்காதீர்கள். மற்றவர்கள் சண்டையை விலக்கிவிடப் போனால் எதிராளியைப் பிடிக்காமல் நம் ஆளை இழுங்கள். எதிராளியைத் தொட்டால் இரண்டு பேர் சேர்ந்து அடிக்க வருவதாகத்தான் அவனுக்குத் தோன்றும்.

கடிதத்தில் இல்லாததையும் கேட்டுவிடுகிறேன். கை ஓங்கியிருக்கிறீர்களா, பொருளை எறிந்திருக்கிறீர்களா, குடித்த நாளில்தான் இது அதிகமா? ஒன்றுக்கு ஆமென்றாலும் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். 14416 மனநல உதவி எண், தமிழில் பேசலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். 181 பெண்களுக்கான உதவி எண். அதை மனைவிக்குத் தெரியப்படுத்துவதும் உங்கள் பொறுப்பே. உங்கள் நண்பர்கள் பயப்படும் பிரஷரை ஊகிக்க வேண்டாம், போய் அளந்து பாருங்கள்.

நான்கு நாள் கழிந்ததாக எழுதியிருக்கிறீர்கள், மன்னிப்புக் கேட்டதாக எழுதவில்லை. இன்று இரவு கேளுங்கள். மகன் எதிரில் கத்தினீர்கள், ஆகவே அவன் இருக்கும்போதே கேளுங்கள். "உங்க வீட்ட இழுத்துப் பேசனது தப்பு. பையன் முன்னாடி கத்துனதும் தப்பு." அதற்குப் பின்னால் "ஆனா நீயும்" என்று சேர்க்காதீர்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்தாமல், காலைக்கான அலாரத்தை உங்கள் போனில் வைத்துவிட்டுப் படுங்கள்.