பிளேடை மாற்றும் முன் சாணை: பந்திங்குக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மதுரையிலிருந்து மலேசியாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் வேலை. பதினொரு வயது மகன் பள்ளி நண்பனைப் பார்த்து ஐஸ் ஹாக்கியில் சேர்ந்துவிட்டான், ஞாயிறுதோறும் ஐஓஐ சிட்டி மாலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். இடது பக்கம் திரும்பும்போது மட்டும் கால் வழுக்குகிறது. ஸ்கேட் காலணியின் பிளேடை நல்லதாக மாற்றச் சொல்கிறார் பயிற்சியாளர், கடையில் 480 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். மாற்றலாமா என்று ஒரு கேள்வி. தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு பனிக்கட்டி விளையாட்டுக்கு இவ்வளவு செலவு செய்வது சரியா என்று இன்னொரு கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதில்: இப்போது மாற்ற வேண்டாம். முதலில் சாணை பிடிக்கக் கொடுங்கள்.

நான் மன்னார்குடியில் பிறந்தவள். கல்யாணமாகி 2003ல் இந்த ஊருக்கு வந்தேன். என் மகன் 2017ல் ஒன்பது வயதில் ஸ்கேட் கட்டினான். அந்த வருடம்தான் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் போட்டியில், முதன்முதலாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்தவன் ராத்திரி முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் கேட்டதும் நீங்கள் இப்போது கேட்பதும் ஒன்றுதான். அதனால் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேலே பூட், அதன் அடியில் ரிவெட் அடித்த பிளாஸ்டிக் ஹோல்டர், அதற்குள் சொருகிய இரும்புப் பட்டை. நாம் பிளேடு என்று சொல்வதைக் கடையில் ரன்னர் என்பார்கள், ஸ்டீல் என்றும் சொல்வார்கள். சுமார் 3 மில்லிமீட்டர் கனம். ஐஸில் படும் பரப்பு தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. பையன் நிற்பதும் திரும்புவதும் அந்த இரண்டு விளிம்பின் மேல்தான்.

இடது பக்கம் திரும்பும்போது மட்டும் வழுக்குகிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இடப்பக்கம் வளையும்போது இடது காலின் வெளி விளிம்பும் வலது காலின் உள் விளிம்பும் ஐஸைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மழுங்கியிருந்தாலோ ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ கால் பிடிமானம் இல்லாமல் போகும். வலப்பக்கம் நன்றாகத் திரும்புகிறான் என்றால், பிளேடு மட்டமான ரகம் என்பதற்காக இடப்பக்கம் மட்டும் வழுக்காது. சாணை கோணலாக இருக்கும், இல்லை டைல்ஸ் தரையில் நடந்ததில் ஒரு விளிம்பு அடிபட்டிருக்கும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஸ்கேட்டைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 20 காசு நாணயத்தை இரண்டு விளிம்புக்கும் குறுக்காகப் படுக்க வையுங்கள். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பிளேடின் பக்கவாட்டுக்கும் நாணயத்துக்கும் நடுவில் சரியான மூலைமட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்திருக்கிறது. முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் பாருங்கள். அடுத்து, விரல் நகத்தை விளிம்பின் மேல் மெதுவாகக் குறுக்கே இழுங்கள். கூராக இருந்தால் நகத்திலிருந்து வெள்ளையாகப் பொடி சீவும், மழுங்கியிருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். நீளவாக்கில் இழுக்கும்போது நகம் எங்கேயாவது தட்டினால் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது.

இந்த நகச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஸ்கேட்டைத் தொட்டே பார்க்காத என் மாமனார். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மகன் விளையாட ஆரம்பித்து ஒரு வருடம் இருக்கும், பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ரிங்குக்கு (ஐஸ் தளத்துக்கு) போகவில்லை. பையைத் திறந்தால் பிளேடு நெடுக ஆரஞ்சு நிறத்தில் துரு. நடப்பதற்குப் போடும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையை அப்படியே மாட்டி, காரின் பின்னால் போட்டு வைத்திருந்தேன். உறைக்குள் தங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, துரு பிடிக்காது என்று நினைத்திருந்தேன். குளிரான ரிங்கிலிருந்து நம் ஊர் வெக்கைக்கு வந்த உடனே இரும்பின் மேல் வேர்வை மாதிரி நீர் கோத்துவிடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பைப் போல. துடைக்காமல் விட்டால் ஸ்டெயின்லெஸ்ஸும் தாங்காது.

நான் அழாத குறை. புது பிளேடு வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போன் செய்யப் போனேன். மாமா ஸ்கேட்டை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழிவைத் தடவினார். "இதுவும் குழி வச்ச கத்திதானா" என்று கேட்டார். பால் வெட்டும் ஜெபோங் கத்தியின் முனையும் அப்படித்தான், வளைந்து மடிந்த வாய். தினமும் சாயந்திரம் கல்லில் தீட்டி வைத்தால்தான் விடிகாலையில் பட்டையை மெல்லிசாகச் சீவ முடியும். மழுங்கிய கத்தியை அழுத்தினால் மரத்தில் காயம் பட்டுவிடும், அப்புறம் அந்த இடத்தில் பால் ஒழுங்காக இறங்காது. மாமா நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்த்துவிட்டு, "இரும்பு நல்லாத்தான் இருக்கு. தீட்டக் குடு, தொடச்சு வை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்படியே செய்தோம். அந்தப் பிளேடு அதன் பிறகு இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது.

அதனால் இன்றைக்கே ஒரு சின்னத் துண்டை ஹாக்கிப் பையில் போட்டுவிடுங்கள். ஐஸை விட்டு இறங்கியதும் பிளேடையும் ரிவெட்டுகளையும் துடைக்க வேண்டும், ரிவெட்டும் துருப்பிடிக்கும். கெட்டி உறை நடப்பதற்கு மட்டும். பையில் வைக்கும்போது துணி உறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து ஸ்கேட்டை ஃபேன் காற்றில் வையுங்கள்.

சாணைக்குக் கொடுக்கும்போது சும்மா "தீட்டிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். குழிவு என்ன அளவு என்று கேளுங்கள். 3/8, 1/2, 5/8 அங்குலம் என்று சொல்வார்கள். இது குழியின் ஆழம் இல்லை. அந்தக் குழிவு எந்த வட்டத்தின் துண்டோ அந்த வட்டத்தின் ஆரம். எண் சிறிதானால் குழி ஆழம், விளிம்பு ஐஸை நன்றாகக் கவ்வும், ஆனால் வேகம் கொஞ்சம் குறையும், நிறுத்துவதும் கடினம். எண் பெரிதானால் வழுக்கிப் போவது சுகம், பிடிமானம் குறைவு. எடை குறைந்த பிள்ளைக்குக் கொஞ்சம் ஆழமான குழிவு உதவும், ஏனென்றால் அழுத்தி விளிம்பை இறக்குவதற்கு உடம்பில் பாரம் இல்லை. ஆனால் எல்லாரும் பொதுவாகச் சறுக்கும் ரிங்கில் ஐஸ் சற்று இளக்கமாக இருந்தால் ரொம்ப ஆழமான குழிவு புதைந்து இழுக்கும். உங்கள் மகனுக்கு 1/2 அங்குலத்தில் ஆரம்பியுங்கள். நாலைந்து வாரம் ஆடட்டும், அப்புறம் அவனையே கேளுங்கள். பிடித்த அளவை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு கிடைக்கும். ஐஸில் 10 முதல் 15 மணி நேரம் ஆடியதும் சாணை என்பது பொதுவான கணக்கு. வாரம் ஒரு நாள் போகும் உங்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

பயிற்சியாளர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம், அதைத் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு சாணைக்கும் இரும்பு கொஞ்சம் தேயும். பழைய ஸ்கேட் வாங்கியிருந்தீர்கள் என்றால் ஹோல்டருக்குக் கீழே எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ரொம்பத் தேய்ந்திருந்தால் பையன் சாய்ந்து திரும்பும்போது பிளாஸ்டிக் ஐஸில் உரசிக் காலை வாரிவிடும். அந்த நிலை வந்துவிட்டால், பிளேடு வளைந்திருந்தால், அல்லது எத்தனை தடவை தீட்டினாலும் போகாத பெரிய பல் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். உயரமான புது ஸ்டீல் போட்டால் இன்னும் அதிகமாகச் சாயலாம், கறுப்புப் பூச்சு போட்டதில் கூர்மை கூடுதல் நாள் நிற்கும் என்பார்கள். பெரிய பையன்கள் வேகமாக ஆடும்போது அந்த வித்தியாசம் தெரியும். பதினொரு வயதில், வாரத்துக்கு ஒரு நாளில், தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அவன் கால் வளர்கிறது. ரன்னர் பூட்டின் அளவுக்கு ஏற்ற நீளத்தில்தான் வரும், 254, 263, 272 மில்லிமீட்டர் என்று. ஹோல்டரின் பக்கவாட்டில் அந்த எண் இருக்கும். அடுத்த வருடம் பூட் பெரிதானால் இந்த 480 வெள்ளி ஸ்டீல் அதில் சேராது. பாவர் கம்பெனி ஸ்கேட்டின் ஸ்டீல் சிசிஎம் கம்பெனி ஹோல்டரில் சேராது, ஒரே கம்பெனியிலும் ஹோல்டர் ரகம் மாறினால் சேராது. விலை குறைந்த ஸ்கேட்டுகளில் சிலதில் பிளேடைக் கழற்றவே முடியாது. எங்களுக்கு ஒரு கடையில் தவறான நீளத்தைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஜோடி இன்னும் அலமாரியில் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எப்போது வாங்கினாலும் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், புது ஸ்டீலை முதலில் சாணை பிடித்துவிட்டு ஐஸில் இறக்குங்கள்.

பூட் வாங்கும்போது "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். குதிகால் உள்ளே ஆடினால் எந்தப் பிளேடும் உதவாது. நடக்கிற செருப்பு அளவை விட ஸ்கேட் பொதுவாக ஒன்று, ஒன்றரை அளவு சின்னதாகத்தான் இருக்கும். பழைய ஸ்கேட் வாங்குவதில் தப்பே இல்லை. ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். அடிபட்டதா இல்லையா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதைத்தான் நீங்கள் முதலில் கேட்க நினைத்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் முதல் வருடம் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். சந்தையில் ஒரு கட்டு கீரைக்குக்கூட மனசு கணக்குப் போடும், கை பின்வாங்கும். அம்மாவிடம் போனில் விலை சொல்லமாட்டேன். சம்பளம் வெள்ளியில் வருகிறது தங்கச்சி, செலவையும் வெள்ளியிலேயே பாருங்கள். மாதம் ஊருக்கு அனுப்புவதை முதல் தேதியே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் வீடு நடக்கட்டும், பையனின் விளையாட்டும் நடக்கட்டும். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இந்த ஊருக்கு விளையாட்டு புதிதில்லை. ரசிப் சிடேக்கும் ஜலானி சிடேக்கும் பந்திங்காரர்கள்தான். 1992ல் பார்சலோனாவில் பூப்பந்து (பேட்மிண்டன்) இரட்டையரில் அவர்கள் வாங்கிய வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். பனி விளையாட்டு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள், எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். 2018ல் பியோங்சாங்கில் மலேசியா முதல் தடவையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனது. அதில் ஐஸில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடிய ஜூலியன் யீ கோலாலம்பூர்ப் பையன்.

பதக்கத்தை விடுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: வந்த புதிதில் வீட்டை விட்டே வெளியே வராத பிள்ளை, இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான் என்று. என் மகனுக்கு மலாய் வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, உடை மாற்றும் அறையில்தான். ஒரு மலாய்ப் பையனும் ஒரு சீனப் பையனும் அவன் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்துப் பழகினார்கள். இன்றைக்குத் தீபாவளிக்கு முதலில் வந்து நிற்பது அந்த இரண்டு பேர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையை நிறுத்திவிடாதீர்கள். 480 வெள்ளியை அப்படியே வைத்திருங்கள், அடுத்த பூட்டுக்கு ஆகும்.

சனிக்கிழமை சாயந்திரம் சந்தைக்கு வந்தால் ஸ்கேட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். நாணயம் வைத்துச் சேர்ந்து பார்ப்போம். மாமாவும் வீட்டில்தான் இருப்பார், நகத்தில் இழுத்துப் பார்க்காமல் அவர் உங்களை விடமாட்டார். பசியாறாமல் வாருங்கள், இடியப்பம் அவித்து வைக்கிறேன்.