"முதலில் வந்து சேர்" என்பது மாணவருக்குப் பொருந்தாத அறிவுரை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் முடித்திருக்கிறீர்கள். கொழும்பிலுள்ள ஒரு முகவர் ரொறன்ரோக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருட வணிக நிர்வாக டிப்ளோமாவுக்கு அனுமதிக் கடிதம் எடுத்துத் தந்திருக்கிறார். அப்பா காணியை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டார். இனி எந்தப் பகுதியில் தங்குவது, குளிரை எப்படிச் சமாளிப்பது, பகுதிநேர வேலை கிடைக்குமா, தமிழ் மாணவர் சங்கங்கள் உதவுமா, தாதியாக வேலை செய்யும் தங்கையும் பின்னால் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு ஒரு நல்ல மேலங்கியும் தண்ணீர் புகாத சப்பாத்தும் போதும். சாப்பாட்டுக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு குறையும் இல்லை. நான் எழுத விரும்புவது அந்த அனுமதிக் கடிதத்தைப் பற்றித்தான். காணி உறுதியில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அப்பாவும் இதைப் படிக்கட்டும்.

இங்குள்ள எங்கள் ஆட்களிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "முதலில் வந்து சேர், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்" என்றுதான் சொல்லுவார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்களுடைய வாழ்க்கை அவர்களுக்கு அப்படித்தான் அமைந்தது. 1983இற்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த எங்களுக்கு, வந்து சேருவதுதான் எல்லாம். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களிடம் எந்தக் கல்லூரிக் கடிதமும் இருக்கவில்லை. கனடிய மண்ணில் கால் வைத்த அகதிக்கு நேரடி விசாரணை கேட்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்திருந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டதும் வதிவுரிமை, அதன்பின் மாகாண அரசின் மாணவர் கடன், உள்ளூர்க் கட்டணம் என்று ஒவ்வொரு கதவும் வந்த பிறகே எங்களுக்குத் திறந்தது. மாணவ விசாவில் வருபவருக்கு இது நேர்மாறு. எந்தக் கல்லூரி, எந்தக் கற்கைநெறி, எந்த வளாகம் என்று ஊரில் இருக்கும்போதே எழுதப்படும் மூன்று வரிகள்தான் அவர் இங்கே எவ்வளவு காலம் இருப்பார், என்ன வேலை செய்வார் என்பதைத் தீர்மானிக்கின்றன. வந்த பிறகு அவற்றைத் திருத்துவது மிகவும் கடினம்.

இந்தக் கல்லூரிகளை நான் குறை கூறவில்லை. எண்பதுகளின் கடைசியில் நான் வந்தபோது சென் ஜேம்ஸ் ரவுனில் ஓர் அடுக்குமாடியில் இரண்டு குடும்பங்களோடு இருந்தேன். பகலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை, இரவில் வளர்ந்தோருக்கான பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும். அதன்பின் சென்ரெனியல் கல்லூரியில் மாலை வகுப்புகளில் கணக்கியல் படித்தேன். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் முதலாவது சமூகக் கல்லூரி அது. வோர்டன் அவெனியுவில் போர்க்காலத்தில் வெடிமருந்து செய்த தொழிற்சாலைக் கட்டடமொன்றில் 1966இல் தொடங்கியது. என் வகுப்பில் கயானாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார், அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் போர்த்துக்கீசப் பெண்கள் இருந்தார்கள், தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலை இழந்த உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். ஆசிரியர் பகலில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக வேலை செய்துவிட்டு, அந்த மாதம் தானே முடித்த கணக்குகளை, பெயர்களை மறைத்து, எங்களுக்குப் பயிற்சியாகக் கொண்டுவருவார். அந்த நகரத்தில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு அந்த நகரத்தின் வேலையைக் கற்றுக் கொடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கல்லூரிகள் இவை. அங்கே படித்ததை இன்றும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பின்னர் நிலைமை மாறியது. 2019இல் ஒன்ராறியோ அரசு உள்ளூர் மாணவரின் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, அதன்பின் பல வருடங்கள் உயர்த்தவும் விடவில்லை. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்கு அப்படி ஒரு வரம்பு இருக்கவில்லை. அரசு கொடுக்காத பணத்தைக் கல்லூரிகள் எங்கிருந்து எடுத்தன என்பதை மாகாணத்தின் கணக்காய்வாளர் தலைமையதிபதி 2021இல் வெளிப்படையாக எழுதினார்: பொதுக் கல்லூரிகளின் கட்டண வருமானத்தில் 68 வீதம் வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஆள் சேர்த்துவிடும் முகவர்களுக்குத் தரகாகப் போகிறது. உங்கள் முகவர் உங்களிடம் வாங்கும் கட்டணம் ஒருபுறமிருக்க, உங்களைச் சேர்த்ததற்காகக் கல்லூரியும் அவருக்குப் பணம் கொடுக்கக்கூடும். அவர் உங்களுக்குப் பொருத்தமான கல்லூரியைச் சொல்கிறாரா, தனக்குத் தரகு கூடிய கல்லூரியைச் சொல்கிறாரா என்று நீங்கள் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தார். வந்த வாரமே தன் அனுமதிக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினார். மேலே வட ஒன்ராறியோவின் பொதுக் கல்லூரி ஒன்றின் பெயரும் சின்னமும் பெரிதாக அச்சாகியிருந்தன. கீழே சின்ன எழுத்தில் கற்பிக்கப்படும் இடம் ரொறன்ரோ என்று இருந்தது. அந்த இடத்துக்கு நானே அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வங்கிக் கிளைக்கு மேலே இரண்டு மாடிகள். நூலகம் என்று எழுதியிருந்த அறையில் மேசைகளும் ஓர் அச்சுப்பொறியும் மட்டும். பொதுக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து அங்கே நடத்திய வகுப்பு அது. அப்போது அது சட்டப்படி சரியானதே. அவர் ஒருவாறு வேலை அனுமதியும் பெற்றுவிட்டார். ஆனால் 2024 மே 15இலிருந்து அப்படியான இடங்களில் படிப்பைத் தொடங்கியவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி இல்லை. அவருக்குப் பின்னால் அதே கட்டடத்தை நம்பிக் கடன் எடுத்திருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 1இலிருந்து கல்வி அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரி டிப்ளோமா படித்தால், அந்தக் கற்கைநெறி அரசின் பட்டியலில் இருந்தால் மட்டுமே படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி கிடைக்கும். உடல்நலம், தொழில்நுட்பம், கட்டுமானத் தொழில்கள் போன்ற துறைகளே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொதுவான வணிக நிர்வாகம் அதில் இல்லை. அதாவது, கல்லூரி நல்ல கல்லூரியாகவே இருந்தாலும், காணியை ஈடு வைத்து இரண்டு வருடம் படித்து முடித்த மறுநாள் இந்த நாட்டில் முழுநேர வேலை செய்ய உங்களுக்கு உரிமை இருக்காது. இதை முகவர் உங்களுக்குச் சொன்னாரா? உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதபடியால், சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

"அங்கே போய்க் கல்லூரியை மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய கதை. 2024 நவம்பரிலிருந்து வேறு கல்லூரிக்கு மாறுவதானால் புதிதாகக் கல்வி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "வேலை செய்து கட்டணத்தைக் கட்டலாம்" என்பதும் அப்படித்தான்: தவணை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வெளியே வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும், கட்டணத்துக்கு எட்டாது. விசாவுக்கென்று காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணமே, முதல் வருடக் கட்டணத்தையும் பயணச் செலவையும் சேர்க்காமல், 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனடிய டொலர். யாரிடமாவது கைமாற்றாக வாங்கி வங்கியில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முகவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். அந்தப் பணம் உண்மையிலேயே தேவைப்படும்.

உங்களிடம் பட்டம் இருக்கிறது, தம்பி. பட்டதாரி ஏன் டிப்ளோமாவுக்குத் திரும்பி வரவேண்டும்? பல்கலைக்கழக முதுகலைப் பட்டத்துக்கு அந்தத் துறைப் பட்டியல் கட்டுப்பாடு இல்லை. குறுகிய கால முதுகலைப் படிப்பானாலும் மூன்று வருட வேலை அனுமதிக்குத் தகுதி உண்டு. இந்த நகரத்தில் 1827இல் தொடங்கிய ரொறன்ரோப் பல்கலைக்கழகம், 1959இல் தொடங்கிய யோர்க், 2022இல் ரயர்சன் என்ற பெயரைக் கைவிட்ட ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் என்று மூன்று பெரிய பொதுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. யோர்க்கின் ஷூலிக் வணிகப் பள்ளியிலும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்திலும் கணக்கியல் முதுகலைப் படிப்புகள் உண்டு, அவை சி.பி.ஏ. என்ற கணக்காளர் தகுதிக்கான பாதையோடு இணைந்தவை. கட்டணம் அதிகம், இடம் கிடைப்பதும் எளிதல்ல. ஆனால் ஊரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் ஓரிரு வருடம் வேலை செய்து, ஆங்கிலப் பரீட்சைப் புள்ளியை உயர்த்திக்கொண்டு இதற்கு விண்ணப்பிப்பது, இந்த வருடமே டிப்ளோமாவுக்கு ஓடி வருவதைவிட எத்தனையோ மடங்கு மேல். நானும் பகல் வேலையோடு நெடுங்காலம் படித்துத்தான் கணக்காளர் பரீட்சைகளைத் தாண்டினேன்; வேலை தந்தவர்கள் கேட்டதெல்லாம் என்ன படித்தாய், எங்கே படித்தாய் என்பதையே தவிர எப்போது வந்தாய் என்பதையல்ல.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. கல்லூரியின் பெயர் கனடியக் குடிவரவுத் திணைக்களத்தின் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும், அங்கே படித்தால் வேலை அனுமதிக்குத் தகுதி உண்டா என்றும் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். ஒன்ராறியோவில் பொதுக் கல்லூரிகள் 24 மட்டுமே. தனியார் தொழிற்கல்லூரிகள் மாகாணத்தில் பதிவு பெற்றிருக்கலாம். அந்தப் பதிவு வேலை அனுமதியைத் தராது. கடிதத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதாமல், கல்லூரியின் சொந்த இணையத்தளத்திலுள்ள சேர்க்கைப் பிரிவுக்கு எழுதி, உங்கள் பெயரில் இப்படியொரு கடிதம் வழங்கப்பட்டதா, வகுப்புகள் எந்த வளாகத்தில் நடக்கும், அந்தக் கற்கைநெறி அடுத்த வருடமும் தொடருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. 2024இல் மத்திய அரசு கல்வி அனுமதிகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்த பிறகு, கல்லூரிகள் பல கற்கைநெறிகளை நிறுத்தியிருக்கின்றன. போலிக் கடிதங்களில் வந்த பல இந்திய மாணவர்கள் 2023இல் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த டிசம்பரிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் திணைக்களமே கல்லூரியிடம் சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்ப்பு கடிதம் உண்மையானது என்பதை மட்டுமே உறுதி செய்யும். படிப்பு உங்களுக்குப் பயன்படுமா என்று அது பார்க்காது.

மாணவர் அமைப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆட்கள் தமிழ் மாணவர் சங்கத்தை மட்டும்தான் அமைப்பு என்று நினைக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் அல்லது கல்லூரியின் பொது மாணவர் ஒன்றியத்தை எட்டியும் பார்ப்பதில்லை. உங்கள் கட்டணச் சீட்டிலேயே அந்த ஒன்றியத்துக்கான சந்தாவும் சேர்க்கப்பட்டிருக்கும். பல், கண் காப்புறுதி, இலவச உணவு வங்கி, சட்ட ஆலோசனை என்று பலவற்றை அந்தப் பணத்தில்தான் நடத்துகிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கு மாகாண மருத்துவக் காப்புறுதி கிடையாது என்பதால், எந்தத் திட்டம் எதைத் தருகிறது என்று முதல் வாரமே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். உணவு வங்கிக்குப் போவதை மானப் பிரச்சினையாக நினைத்துப் பட்டினி கிடந்த யாழ்ப்பாணப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது உங்கள் பணம்.

வாடகை விடயத்திலும் எங்கள் ஆட்களை மட்டுமே நம்புகிற இதே பழக்கம்தான். தமிழர் வீடு என்று நம்பி ஆறு மாத வாடகையை முன்கூட்டியே காசாகக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் பலர். ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரர் கடைசி மாத வாடகைக்கு மேல் வைப்புப் பணம் கேட்க முடியாது. சிக்கல் வந்தால் சட்ட மாணவர்கள் பணிபுரியும் சமூகச் சட்ட நிலையங்கள் இருக்கின்றன. யோர்க்கின் ஒஸ்கூட் சட்டப் பள்ளியோடு சேர்ந்து 1971இல் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் தொடங்கியது அவற்றில் முன்னோடி. அந்த மாணவர்கள் ஏழை வாடகைக்காரருக்காக விசாரணை மன்றத்தில் நின்று வாதாடுவதைப் பார்த்தபோதுதான், தொழிற்பள்ளி ஒரு நகரத்துக்கு எதற்காக வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

தமிழ் மாணவர் சங்கங்களை "ஆட்டம் பாட்டம்" என்று இங்குள்ள பெரியவர்கள் சிலர் ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. யோர்க்கிலும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களிலும் உள்ள அந்தப் பிள்ளைகள் கலை நிகழ்ச்சி நடத்திச் சேர்த்த பணம் ஊரில் எத்தனையோ காரியங்களுக்குப் போயிருக்கிறது. 2009இல் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி நகர மையத்தில் மனிதச் சங்கிலியாக நின்றவர்களிலும், யூனிவேர்சிற்றி அவெனியுவில் இரவு பகலாக இருந்தவர்களிலும் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். நான் வேலை முடிந்து அங்கே போகும்போது, பரீட்சைக் குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் படித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஸ்காபரோ வளாகத்தில் தமிழுக்கென ஓர் இருக்கை அமைவதற்குப் பணம் திரட்டியவர்களிலும் அந்தத் தலைமுறை உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இங்கே பிறந்தவர்கள்; விசா, வேலை அனுமதி பற்றி அவர்களுக்கு அனுபவம் இல்லை. நட்புக்கும் பாடக் குறிப்புக்கும் அவர்களிடம் போங்கள், விசா பற்றிய கேள்விக்குக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உள்ள உரிமம் பெற்ற ஆலோசகரிடம் போங்கள்.

எந்தப் பகுதியில் தங்குவது என்பது எந்த வளாகம் என்று தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது. ஸ்காபரோவில் ஓடிய சிறு ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. வரைபடத்தில் கிட்டத் தெரிகிற இடத்துக்கும் இப்போது பேருந்துதான்.

தங்கையைப் பொறுத்தவரை, அவர் பதிவு பெற்ற தாதி என்றால் எந்த முகவரும் விற்கும் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். ஊரில் தாதியாக இருந்தவர்களை அந்த வகுப்புகளில் சேர்த்து, அதற்கு மேலே போகவிடாமல் வைத்திருப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒன்ராறியோவில் தாதியரைப் பதிவு செய்யும் ஒழுங்குமுறை அமைப்புக்கு அவர் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். பயிற்சிப் பாடசாலையின் பாட விபரங்கள், பதிவுச் சான்று, வேலை செய்த மருத்துவமனைக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் இப்போதே, கேட்டவுடன் கொடுக்கும் ஆட்கள் அங்கே பதவியில் இருக்கும்போதே, எடுத்து வைக்கட்டும். நீங்கள் கல்லூரிக்கு எழுதி வந்த பதிலை, கடவுச்சீட்டு இலக்கத்தை மறைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள். அது வரும் வரைக்கும் காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.