அரசியலில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே ஒரு தொகுதியில், 2021 வரை ஒரு எம்.எல்.ஏ.வுக்கு உதவியாளராக இருந்தேன். இப்போது அண்ணனோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டுகிறேன்.

அரசியல் வேலை என்றதும் மேடை, கூட்டணி, பணப்பட்டுவாடா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதெல்லாம் தேர்தல் காலத்துச் சங்கதி. மற்ற நாளெல்லாம் என் பிழைப்பு மனுக்களோடுதான்.

விடிவதற்குள் வாசலில் ஆள் நிற்கும். பட்டா மாறுதல், மின் இணைப்பு, தெருவிளக்கு, கல்லூரி சீட்டு என்று வருவார்கள். எனக்கு மனதில் நிற்பது முதியோர் உதவித்தொகை மனுக்கள். அப்போது மாதம் 1,000 ரூபாய். 2023-இல்தான் 1,200 ஆனது. ஒரு ஆத்தாவின் மனு தள்ளுபடியாகிவிட்டது. ரேஷன் கார்டில் மகன் பெயரும் இருந்ததுதான் காரணம். மகனோ பிழைக்கப் போன இடத்திலேயே தங்கிவிட்டார், பணமும் அனுப்புவதில்லை. ஆத்தா வாரம் தவறாமல் வந்து, "கண்ணு, என்ற மனு இப்ப எந்த மேசைல இருக்குது?" என்று கேட்பார்.

சரியான கேள்வி அது. லெட்டர்பேடில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ., அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் என்று போகும் காகிதம் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆதாரில் பிறந்த வருடம் மாறியிருக்கும், அல்லது விசாரணைக்குப் போன அன்று வீடு பூட்டியிருக்கும். ஆத்தாவுக்குக் கார்டைத் தனியாகப் பிரித்து, புது மனு போட்டு வாங்கினோம். பணம் வந்த மாதம் ஒரு பை தட்டைப்பயறு கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. அதே அளவு ஆதங்கமும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்காக ஒரு கிழவி எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. அது தாலுகா ஆபீசிலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் மனுக் கொடுத்துச் சலித்தவர்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்களே, அதில் பெரும்பாலோர் தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று நின்ற விவசாயிகள்தான். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு டெபாசிட் தொகையை உயர்த்திவிட்டார்கள்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் அப்படித்தான். எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் முதல் பேச்சு அதுதான். ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது என்பார்கள். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் பவானி உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி. எடுத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் அது. நான் வேலையில் இருந்தபோது, 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்டில் திறந்தபோது ஆட்சியும் மாறியிருந்தது, நானும் தறிக்கு வந்துவிட்டிருந்தேன். யார் திறந்தால் என்ன, தாத்தா காலத்துக் கோரிக்கை. அதற்காக உண்ணாவிரதம் இருந்தவர்களில் எத்தனையோ பேர் தண்ணீரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் விட்டேன் என்றால், அவருக்கு அடுத்த முறை சீட்டுக் கிடைக்கவில்லை, அதோடு என் வேலையும் முடிந்தது. பி.எஃப். எதுவும் கிடையாது, அவர் கையிலிருந்து கொடுப்பதுதான் சம்பளம். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகள் வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் மட்டும் வாருங்கள்.

மனு எழுத இன்னும் ஆள் வருகிறார்கள், எழுதிக் கொடுக்கிறேன். நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஆபீசை விட்டு வராதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.